டென்மார்க்கும் ஒரு பாடுதான்

கும்மிடிப்பூண்டி,
17-1-1978

அன்புள்ள கங்கம்மாள் அக்காவுக்கு,

தம்பி பூவராகவன் எழுதுவது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி குறைந்ததா? பொங்கலுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஊரே கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோது நான் பம்ப் செட்டுக்கு மூடி முடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு பெரிய விஷயம். முதலில் உட்கார்ந்துகொள். டென்மார்க் என்று ஒரு தேசம், ஐரோப்பாவில் கடலோரமாக இருக்கிறது. அங்கே உள்ள ஒரு சங்கம் முப்பது வயதுக்குள் இருக்கிற, தலைவராகத் தகுதி உள்ள ஆட்களாகப் பார்த்து உலகம் பூராவிலுமிருந்து தேர்ந்தெடுக்கிறதாம். ஆறு மாதம் தன் செலவில் வரவழைத்துப் பயிற்சியும் கொடுக்கிறதாம். இதற்கு ஃபெல்லோஷிப் என்று பெயர். எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் இந்த அறிவிப்பு ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது. யாரோ அதன் மேல் ரத்ததான நோட்டீஸை ஒட்டிவிட்டார்கள். நான் சுரண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். மேனேஜர் பரசுராமன் சார் முன்னால் போய் நின்றேன். "போட்டுப் பாருய்யா. ஸ்டாம்பு மட்டும் ஆபீஸ்ல கேக்காத" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சாருடைய சான்றிதழ் ஒன்று வேண்டும். அது கிடைத்துவிடும். 'நீங்கள் தலைமை தாங்கி நடத்திய ஒரு நிகழ்ச்சி' என்று கட்டுரை வேண்டும். அங்கேதான் முட்டுகிறது. கேன்டீனில் வடை ஊசிப்போன அன்று முதலில் தட்டைத் தள்ளிவைத்தவன் நான். ஆனால் என்னைப் பார்த்து வேறு எவனும் தள்ளிவைக்கவில்லை. இதைத் தலைமை என்று எழுதலாமா தெரியவில்லை. கடைசியாக, நம் ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் ஒன்றும் வேண்டும். அதைப் பெரியதனக்காரர் தேசப்பனிடம் சொல்லி நீதான் வாங்கி அனுப்ப வேண்டும். மார்ச் முப்பத்தொன்று கடைசி நாள்.

அக்கா, உனக்குத் தெரியாததில்லை. நம் குப்பத்தில் எதுவும் யாருக்கும் பேர் சொல்லிக் கிடைக்காது. ஏரியில் மீன் நிறைய விழுகிற இடம், அதாவது நல்ல பாடு, ஊருக்குப் பொது. அங்கே என்றைக்கு யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைக்கிறோம். மீனுக்கு அது நியாயம். ஆனால் பள்ளிக்கூடத்துக்குக் கலெக்டர் வந்தபோது மாலை போடுகிற பிள்ளையைக்கூடச் சீட்டில்தானே எடுத்தார்கள்? எனக்கு விழவில்லை. பாலிடெக்னிக்கில் காத்திருப்போர் பட்டியலில் கிடந்து உள்ளே போனேன். இந்த வேலையும் முதலில் எடுத்த ஆள் வராததால் கிடைத்தது. எனக்கு இருபத்தெட்டு ஆகிறது. ஒரே ஒரு தடவை யாராவது என் பேரைச் சொல்லி 'இவன்தான் வேண்டும்' என்று சொல்ல வேண்டும். டென்மார்க்காரன் சொன்னாலும் போதும்.

உடனே பதில் போடு. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி,
பூவராகவன்


பழவேற்காடு,
14-2-1978

அன்புள்ள தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லாரும் நலம், முழங்காலைத் தவிர. உன் கடிதம் அப்போதே வந்துவிட்டது. நண்டு நிறைய வந்ததால் கை ஒழியவில்லை. பிறகு உன் மாமாவுக்குக் காய்ச்சல். பிறகு பேனாவைக் காணவில்லை. அதனால்தான் தாமதம். வேறு ஒன்றும் இல்லை.

கடிதத்தைத் தேசப்பனிடம் கொடுத்தேன். அவர் கோயில் எதிரே ஊரைக் கூட்டி, செல்வி டீச்சரை விட்டுப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் தேசப்பன் கேட்டார். "ஏரோப்ளேன்ல இட்டுக்கினு போயி, ஆறு மாசம் ஊடு குடுத்து, சோறும் போட்டு, துட்டும் குடுக்கறான். இது நல்ல பாடா, கெட்ட பாடா?" எல்லாரும் "நல்ல பாடு" என்றார்கள். "நல்ல பாடுன்னா யாருது?" என்றார். "ஊருது" என்றார்கள். அந்த நேரம் பார்த்துப் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "அப்ப சீட்டு போட்டுட்றதுதானே முறை" என்று எடுத்துக்கொடுத்துவிட்டார்கள். "டென்மார்க்கும் ஒரு பாடுதான். வர்ற ஞாயித்துக்கெழம குலுக்கலாம்" என்று தேசப்பன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்வது, சொல்? பெண்பிள்ளை ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க முடியுமா?

டென்மார்க்கில் பனியில் காது மரத்துப்போய்த் தொட்டால் கையோடு வந்துவிடுமாம். செல்வி டீச்சர் சொன்னாள். உன் காது ஏற்கெனவே சின்னது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
கங்கம்மாள்


கும்மிடிப்பூண்டி,
17-2-1978

அக்காவுக்கு,

நலம். நலமாக இருக்கிறாயா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

சீட்டா? டென்மார்க்குக்கா? அக்கா, இது இறால் இல்லை! வயது வேண்டும், படிப்பு வேண்டும், இங்கிலீஷ் வேண்டும். அறுபது வயது ஆளுக்குச் சீட்டு விழுந்தால் அவரைப் பார்சல் கட்டியா அனுப்ப முடியும்? நோட்டீஸைச் சுரண்டினவன் நான். விரல் நகத்தில் இன்னும் பசை இருக்கிறது.

தயவுசெய்து இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தேசப்பன் வீட்டுக்கு ஓடு. முழங்கால் வலித்தால் நடந்தாவது போ. குலுக்கலை நிறுத்தச் சொல். ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க முடியுமா என்று கேட்கிறாய். போன வருஷம் படகுத்துறை விளக்குக்காக நீ திறந்த வாய் பழவேற்காடு கடைத்தெரு வரைக்கும் கேட்டதே!

பதற்றத்துடன்,
பூவராகவன்


பழவேற்காடு,
3-3-1978

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நீ சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டேன். உன் கடிதம் கிடைத்தது. ஆனால் குலுக்கல் முடிந்த மறுநாள்தான் கிடைத்தது.

சீட்டு நம் குப்பன் பெரியப்பாவுக்கு விழுந்தது.

சத்தம் போடாதே. முழுசாகப் படி. பேரை வாசித்ததும் பெரியப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாக முகத்துவாரப் பாடு ஒழுங்காக ஒரு தடவை விழாத மனுஷன். "எனக்கு விழுந்துச்சின்னா அது டென்மார்க்குதானா? ஒரு இறால் சீசன்ல விழக்கூடாதா?" என்று அழாத குறை. பச்சையம்மா பெரியம்மாதான் தேற்றினாள். "போயிட்டு வாய்யா. போய்க்கினே இருந்தாலும் பரவால்ல" என்றாள்.

இப்போது பெரியப்பாவுக்கு மனது தேறிவிட்டது. தலைக்கு எண்ணெய் வைத்து வாருகிறார். துறையில் நிற்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார். கம்பளிச் சட்டைக்கு மெட்ராஸில் ஒரு ஆளிடம் சொல்லி வைத்திருக்கிறார். உன் மேனேஜரைப் பார்த்து விவரம் கேட்க அங்கே வருவதாகவும் இருக்கிறார். வந்தால் ஒரு டீ வாங்கிக் கொடு.

இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறதல்லவா? கும்மிடிப்பூண்டி என்ன மோசமா? பஸ் ஏறினால் மதியச் சோற்றுக்கு வந்துவிடலாம்.

அன்புடன் அக்கா


கும்மிடிப்பூண்டி,
11-3-1978

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மானம்தான் போய்விட்டது.

வியாழக்கிழமை குப்பன் பெரியப்பா கம்பெனி வாசலுக்கு வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கம்பளிச் சட்டை. மார்ச் மாத வெயிலில், அக்கா! கையில் ஒரு கூடை இறால். வாட்ச்மேன் "யாரு?" என்று கேட்டதற்கு "டென்மார்க் போற ஆளு" என்று சொல்லியிருக்கிறார். வெளிநாட்டு விருந்தாளி என்று பதறிப்போன வாட்ச்மேன் நேராக மேனேஜர் அறைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போகும்போது பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து டீயைச் சாஸரில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

பரசுராமன் சார் சுவரில் இருந்த உலகப் படத்தில் டென்மார்க்கைக் காட்டினார். பெரியப்பா கிட்டே போய் உற்றுப் பார்த்தார். "சுத்தி கடலு. காலு வெக்கற அளவுக்குத்தான் தரை கீது. இது நம்ம ஊராச்சே! இத்தப் பாக்க எதுக்கு ஏரோப்ளேனு? நாஷ்டாவுக்கு இன்னா குடுப்பான்?" என்றார். ரொட்டியும் வெண்ணெயும் என்றார் சார். பெரியப்பா முகம் விழுந்துவிட்டது. "கருவாடு?" என்றார். சார் இல்லை என்று தலையாட்டினார். "பேஜாரா கீதே நைனா" என்று என்னைப் பார்த்தார்.

அவர் போன பிறகு சார் கண்ணீர் வரச் சிரித்தார். இப்போது கம்பெனி முழுக்க எனக்கு டென்மார்க் என்று பேர். வடை கொடுக்கிறவன்கூட "டென்மார்க்குக்கு சட்னி ஊத்து" என்கிறான்.

இது இருக்கட்டும். பஸ் ஏற்றிவிடும்போது சீட்டுப் போடலாம் என்று முதலில் சொன்னது யார் என்று பெரியப்பாவைக் கேட்டேன். "ஆளத் தெரியாது நைனா. பொம்பளைங்க பக்கம். வெங்கலக் கொரலு" என்றார். நம் குப்பத்தில் எத்தனை பேருக்கு வெங்கலக் குரல் இருக்கிறது, அக்கா? எனக்குத் தெரிந்து ஒருத்திதான். நீயே சொல், அது யார்?

கட்டுரை இன்னும் எழுதவில்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு இது எவ்வளவு வேண்டும் என்று ஊரில் ஒருத்தருக்கும் புரியவில்லை. உனக்குமா?

பூவராகவன்


பழவேற்காடு,
27-3-1978

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ சாப்பிடவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கும் இறங்கவில்லை. இரண்டு வாரமாகப் பேனா எடுக்காததற்கு அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்.

போன ஞாயிறு குப்பன் பெரியப்பா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். டென்மார்க்கில் வருஷத்தில் பாதி நாள் சூரியனே வராது என்றேன். கள் கிடையாது என்றேன். குளிக்கிற தண்ணீர் கட்டியாக இருக்கும், உடைத்துத்தான் குளிக்க வேண்டும் என்றேன். பெரியப்பா கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்துவைத்தார். "யாருக்காவது என் மொறைய உட்டுக் குடுக்கலாமா?" என்று அவரே கேட்டார். கொடுக்கலாம் என்று ஊர் வழக்கத்தில் இடம் இருக்கிறதே. எடுத்துக்கொள்கிறவன் கிடைக்கிற மீனில் பாதியை முறைக்காரனுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே. பச்சையம்மா பெரியம்மாவுக்குத்தான் வருத்தம். ஆறு மாதம் நிம்மதியாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாளாம்.

ஊர்க் கடிதம் இதோடு இருக்கிறது. தேசப்பன் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினாள். 'டென்மார்க் பாடு குப்பனுக்கு விழுந்தது. அவர் தன் முறையைப் பூவராகவனுக்கு விட்டுக்கொடுத்தார். அவன் அங்கிருந்து கொண்டுவருவதில் பாதி குப்பனுக்குச் சேரும். இதற்கு ஊர் சம்மதம்.' தேசப்பன் கையெழுத்தும் பெரியப்பா கைரேகையும் இருக்கின்றன. ரேகையில் இறால் வாடை வரும். பொறுத்துக்கொள்.

தபாலை நம்பாமல் உன் மாமாவிடமே கொடுத்தனுப்புகிறேன். அவருக்குச் சோறு போட்டு அனுப்பு. நீயும் சாப்பிடு.

நீ கேட்டிருந்த இன்னொரு கேள்விக்குப் பதில்: இங்கே இன்னும் மழை இல்லை.

அக்கா,
கங்கம்மாள்


கும்மிடிப்பூண்டி,
12-6-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்காலுக்கு மெட்ராஸில் தைலம் வாங்கியிருக்கிறேன். மெட்ராஸுக்கு ஏன் போனேன் என்று கேட்பாய். இன்டர்வியூ, அக்கா! கடைசிச் சுற்று! மனு போட்டவர்களில் இரண்டே பேரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

ஒரு டேனிஷ்கார அம்மா, தும்பைப் பூப் போல வெள்ளைத் தலை. இரண்டு பக்கமும் நம்மூர்ப் பெரிய மனிதர்கள் இருவர். தலைமைப் பண்பைப் பற்றி இங்கிலீஷில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்த அம்மா ஊர்க் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதல் கேள்வியாக, "உங்களில் பாதிக்குச் சொந்தக்காரரான இந்தக் குப்பன் யார்?" என்று கேட்டார். மனப்பாடம் பறந்துவிட்டது.

மறைத்துப் பிரயோஜனம் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொதுப் பாடு, முறை, விட்டுக்கொடுப்பது, பாதி மீன். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. மேஜை மேலிருந்த டம்ளரை எடுத்து, காகிதம் கிழித்துப் போட்டுக் குலுக்கியே காட்டினேன். மூன்று பேரும் குழந்தைகள் மாதிரி எட்டிப் பார்த்தார்கள். சண்டை வராதா என்று கேட்டார்கள். குலுக்குகிற வரைக்கும் வரும், குலுக்கின பிறகு வராது என்றேன். என் கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவேளை. கடைசியில் வடையைத்தான் எழுதியிருந்தேன்.

இன்னொருத்தி விக்டோரியா என்று ஒரு நர்ஸ். கடம்பத்தூர்க்காரி. காலரா சமயத்தில் நான்கு கிராமத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கிணறு கிணறாக மருந்து போட்டவளாம். நன்றாகப் பேசுகிறாள். வெளியே காத்திருந்தபோது தன் எலுமிச்சம்பழச் சாதத்தில் எனக்கும் கொடுத்தாள். ஊதாப் புடவை. போட்டியாளர் என்ற முறையில் எனக்கு அவள் மேல் கொஞ்சம் கோபம்தான்.

முடிவு ஜூலையில் தெரியும். அம்மனுக்கு வேண்டிக்கொள்.

அன்புத் தம்பி,
பூவராகவன்


பழவேற்காடு,
30-6-1978

அன்புள்ள தம்பிக்கு,

நலம். தைலம் வந்தது. எரிகிறது. அப்படியானால் நல்ல தைலம்தான்.

வேண்டிக்கொள்ளச் சொன்னாய். வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கும் அம்மனுக்கும் உள்ளது.

கோபப்பட்ட ஆள் புடவை நிறத்தை எழுதுவானா என்று உன் மாமா கேட்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது, கேட்டதை எழுதினேன். எலுமிச்சம்பழச் சாதத்துக்குப் பதிலாக நீ என்ன கொடுத்தாய்? வெறும் கையாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் நம் வீட்டுப் பேர் என்ன ஆகும்?

அக்கா


கும்மிடிப்பூண்டி,
20-7-1978

அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

முடிவு வந்துவிட்டது. எனக்கும் விக்டோரியாவுக்கும் சமமான மதிப்பெண். இருப்பதோ ஒரு இடம். கடிதத்தில் எழுதியிருப்பதை அப்படியே தமிழில் தருகிறேன்: 'நீண்ட ஆலோசனைக்குப் பின், திரு. பூவராகவன் எங்களுக்கு விளக்கிய நியாயமான முறையையே பின்பற்றி, சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம்.'

விக்டோரியாவுக்கு விழுந்துவிட்டது.

கற்றுக்கொடுத்தவனே நான்தான், அக்கா. டம்ளர் எடுத்துக் குலுக்கிக் காட்டினேனே! டென்மார்க் வரைக்கும் போய் அந்தச் சீட்டு எனக்கு விழாமல் வந்திருக்கிறது. அவள் மேல் வருத்தம் இல்லை. தகுதி உள்ளவள். ஆனால் என்னை வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட என் பேரைச் சொன்னதாக இருந்திருக்கும். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பக்கத்து அறைக்காரன் தண்ணீர் வீணாகிறது என்று கதவைத் தட்டினான்.

இதை யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக, குப்பன் பெரியப்பாவிடம்.

பூவராகவன்


பழவேற்காடு,
22-7-1978

என் ராஜாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. கடிதம் இன்று மத்தியானம் வந்தது, இப்போதே எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்கு வரும்போது ஊரே என்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. நான் சத்தமாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

நீ அழுத இடம் வந்ததும் பச்சையம்மா பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். குப்பன் பெரியப்பாதான் முதலில் எழுந்தார். "என் பாட்ட எவன்டா குலுக்கினான்? என்னியக் கேட்டானா?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். தேசப்பன், "முறைக்காரன் எதிர்ல இல்லாம குலுக்கற சீட்டு எந்த ஊர்ல செல்லும்? குடத்தக் கவுத்துக் காமிச்சானா? யாரு கைய உட்டது?" என்று கேட்டார். நீ முறையைச் சொல்லிக் கொடுத்தாயே, குடத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லிக் கொடுத்தாயா? அவசரக்காரன்.

அந்த வெள்ளைத் தலை அம்மாவுக்கு ஊர் சார்பில் எழுதப் போகிறோம். ஆம்பிளைகள் ஆளுக்கொன்றாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வாயை மூடுங்கள், நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆமாம், ஊர்க் கூட்டத்தில்தான். வாய் திறந்தேன். செல்வி டீச்சர் இங்கிலீஷ் பண்ணித் தருவாள்.

குழாயை மூடு. சாப்பிடு. உன்னை ஒருத்தரும் வேண்டும் என்று சொல்லவில்லையா? எழுதுகிற கைக்கு இதற்கு மேல் வருவதில்லை.

அக்கா


கும்மிடிப்பூண்டி,
4-9-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே. நீ, மாமா, பெரியப்பா, பெரியம்மா, ஊரில் எல்லாரும் நலமா?

டேனிஷ் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. கூடவே ஊர் அனுப்பிய மனுவின் நகலையும் எனக்குப் படிக்க வைத்து அனுப்பியிருக்கிறார். டீச்சருடைய இங்கிலீஷ் மேலே இருக்கிறது. கீழே உன் கையெழுத்தில் தமிழ். நீ எழுதியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன், ஏனென்றால் எனக்கு அதைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும் போல இருக்கிறது.

'நாங்கள் எல்லாவற்றுக்கும் சீட்டுப் போடுகிறவர்கள். யாரும் உசத்தி இல்லை, யாரும் தாழ்த்தி இல்லை என்பதால் போடுகிறோம். டென்மார்க்குக்கும் போட்டோம். அது எங்கள் தப்பு. உங்களுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. இந்த ஒரு விஷயத்துக்குச் சீட்டு வேண்டாம் என்று ஊர் கூடி முடிவு செய்திருக்கிறது. எங்களுக்குப் பூவராகவன்தான் வேண்டும். அவன்தான் போக வேண்டும்.'

அதற்குக் கீழே ஊர் பூராவும் கையெழுத்து, கைரேகை. குப்பன் பெரியப்பா இரண்டு இடத்தில் ரேகை வைத்திருக்கிறார்.

விக்டோரியாவுக்கு எழுதியதை மாற்ற முடியாது, அவர் தயாராகிவிட்டார் என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார். அது நியாயம். ஆனால் அடுத்த வருஷத்து இடத்துக்கு இப்போதே என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். 'சீட்டுக் குலுக்கவில்லை' என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறார். ஜூன் முதல் வாரம் கிளம்ப வேண்டும். பரசுராமன் சார் எழுந்து நின்று கை கொடுத்தார். வாட்ச்மேன் சல்யூட் அடித்தான்.

எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் நான் அழுதது அந்த அம்மாவின் கடிதத்துக்கு இல்லை. கலெக்டருக்கு மாலை போடக்கூடச் சீட்டு எடுத்த ஊர், என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. டென்மார்க் போகாவிட்டால்கூட எனக்கு இனி ஒன்றும் இல்லை, அக்கா.

அன்றைக்குச் சீட்டுப் போடச் சொன்னது யார் என்று இனிமேல் கேட்கமாட்டேன்.

விக்டோரியா அடுத்த வாரம் புறப்படுகிறாள். அங்கே என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று போனதும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தேன். வெறும் கையாக இல்லை என்று மாமாவிடம் சொல்.

உன் தம்பி,
பூவராகவன்


பழவேற்காடு,
7-9-1978

என் தம்பிக்கு ஆசீர்வாதம்.

எல்லாரும் நலம், முழங்கால் உட்பட. கடிதத்தை ஊருக்குப் படித்துக் காட்டினேன். குப்பன் பெரியப்பா கம்பளிச் சட்டையை உனக்குக் கொடுத்துவிட்டார். கொஞ்சம் வாடை இருக்கிறது, மூன்று தடவை துவைத்தும் போகவில்லை. அதைப் போட்டுக்கொண்டு போனால் அங்கே உன்னை நம் ஊர் ஆள் என்று உடனே தெரிந்துகொள்வார்கள்.

புறப்படுகிற தேதியைச் சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். திரும்புகிற தேதியை எழுதவில்லை. ஜனவரியில் வந்த முதல் கடிதத்திலும் எழுதவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன், அதில் இல்லை. அம்மா போனபோது உன்னை இடுப்பில் வாங்கினவள் நான். இறக்கிவிட இவ்வளவு நாள் ஆகிறது, என்ன செய்வது? ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான் என்று அந்த அம்மாவிடம் எழுதி வாங்கு. ஊர் முத்திரை போட்டு வைத்துக்கொள்கிறேன்.

நீ கொண்டுவருவதில் பாதி பெரியப்பாவுக்கு என்று ஊர் எழுதிக் கொடுத்திருக்கிறது. கொடுத்துவிடு, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் நீ சேர்த்தி இல்லை. நீ முழுசாக எனக்கு வர வேண்டும்.

கருவாடு கொடுத்தது சரி. எந்தக் கருவாடு என்று எழுது.

அக்கா,
கங்கம்மாள்

பி.கு.: நீ இனிமேல் கேட்கமாட்டேன் என்று சொன்ன கேள்விக்குப் பதில்: இங்கே மழை வந்துவிட்டது. நன்றாகப் பெய்கிறது.